வேலியில் தொங்கும் பலகை

அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாலை நடைக்கு சிக்னல் ஹில் பக்கம் கூட்டிப் போனேன். லாங் பீச் நகரத்துக்கு நடுவில் தீவு மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் அது. மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் துறைமுகமும் கடலும், இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சலஸின் உயரக் கட்டடங்களும் தெரியும். அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. சாலையோரம் கம்பி வேலிக்குள் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்த இரும்பு எந்திரத்தின் முன் நின்றுவிட்டார்.

"என்னடி இது, ஏத்தம் மாதிரி இருக்கு?"

ஏற்றமேதான். நம் ஊரில் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்த வேலையை இங்கே ஒரு மோட்டார் செய்கிறது. குதிரைத்தலை போன்ற ஒரு முனை கீழே போய் மேலே வரும். ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் அடி ஆழத்திலிருந்து கொஞ்சம் எண்ணெயும் நிறையத் தண்ணீரும் ஏறி வரும்.

"எண்ணெய்க் கிணறும்மா."

"இங்கயா? பக்கத்துலயே வீடு இருக்கே!"

அம்மாவுக்கு எண்ணெய்க் கிணறு புதிதல்ல. திருவாரூர்ப் பக்கத்துக்காரர். கமலாபுரம் வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்தவர். ஆனால் அங்கே அது வயலுக்கு நடுவில் இருக்கும். இங்கே வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் சமையலறை ஜன்னல். நான் விளக்கிக்கொண்டே வந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"சரி, இந்தக் கம்பெனிக்காரன் கடையை மூடிட்டுப் போயிட்டா, அப்புறம் இதை யாரு பாத்துக்குவா?"

என்னிடம் பதில் இல்லை. ஏழு வருடமாக அந்தக் கிணற்றைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறேன். அன்றிரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் படித்ததன் பலன் இந்தப் பதிவு.

ஒரு கிணறு எப்படி நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். போர் போடும்போது மண் சரியாமல் இருக்க கேசிங் பைப் இறக்குவார்கள் அல்லவா? எண்ணெய்க் கிணற்றிலும் அதேதான். ஆனால் ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று கேசிங். முதலில் அகலமான குழாயைச் சில நூறு அடிக்கு இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் சிமென்ட் ஊற்றுவார்கள். மேலே இருக்கும் நல்ல நிலத்தடி நீரைக் காப்பது அதன் வேலை. அதற்குள் இன்னும் குறுகலான கேசிங், அடி ஆழம் வரை. அதற்கும் உள்ளே டியூபிங் என்ற மெல்லிய குழாய். எண்ணெயும் வாயுவும் ஏறி வர வேண்டியது அந்த உள்குழாய் வழியாகத்தான். உள்குழாய் ஓட்டையானால் வெளிக்குழாய் தாங்கும். கிணற்றுப் பாதுகாப்பு மொத்தமும் இந்த ஒரு யோசனையில் அடங்கியிருக்கிறது. எந்த நேரத்திலும் ஒன்றுக்கு இரண்டு தடுப்பு இருக்க வேண்டும்.

கீழே இருக்கும் அழுத்தம் லேசுப்பட்டதல்ல. 1910 மார்ச்சில் இதே கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் லேக்வியூ என்ற கிணறு பீறிட்டது. அதை அடக்க ஆளில்லை, கருவியும் இல்லை. பதினெட்டு மாதம் ஓடியது. கிட்டத்தட்ட 90 லட்சம் பீப்பாய் எண்ணெய் தரையில் கொட்டி ஏரியாக நின்றது. 1911 செப்டம்பரில் அதுவாகத்தான் அடங்கியது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரமே எண்ணெய் மேல் கட்டிய நகரம். 1892-இல் எட்வர்ட் டொஹீனி என்பவர் கீல் கசிந்த ஓர் இடத்தில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் குழி தோண்டினார். அதற்கு மேல் கையால் முடியாமல், யூகலிப்டஸ் மரத்தடியின் முனையைக் கூராகச் சீவி அதையே துளைக்கருவியாக இறக்கினார். எண்ணெய் வந்தது. சில வருடங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொல்லைகளிலெல்லாம் கிணறுகள். யார் தோண்டினார்கள், எவ்வளவு ஆழம், எதைப் போட்டு மூடினார்கள் என்பதற்கு முறையான கணக்கு கிடையாது. அந்தக் கிணறுகள் மேல் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

சிக்னல் ஹில்லில் 1921 ஜூனில் எண்ணெய் பீறிட்டது. கொஞ்ச காலத்திலேயே மேடு முழுக்கக் கோபுரங்கள் குத்திட்டு நின்றன. முள்ளம்பன்றி மலை என்று பட்டப்பெயரே வந்தது. 1924-இல் அந்த மேடு தனி ஊராகப் பிரிந்தது. பக்கத்து லாங் பீச் போட்ட கட்டுப்பாடுகளும் வரியும் தங்கள் கிணறுகள் மேல் விழக்கூடாது என்பதுதான் காரணம். விதி வேண்டாம் என்பதற்காகவே பிறந்த ஊரில் இன்று வீடு கட்ட வேண்டுமென்றால், மனைக்கு அடியில் பழைய கிணறு இருக்கிறதா என்று தேடி, தோண்டி, வாயு கசிகிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும்.

மாநில அரசு இதில் தலையிட்டது 1915-இல். எண்ணெய் வாயு மேற்பார்வையாளர் என்ற பதவியை உண்டாக்கினார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் திகைத்துப் போனேன். அந்தச் சட்டம் மக்களைக் காப்பதற்காக வந்ததல்ல, எண்ணெயைக் காப்பதற்காக வந்தது. ஒருவர் சரியாக சிமென்ட் போடாமல் தோண்டினால் மேலே இருக்கும் தண்ணீர் கீழே எண்ணெய்ப் படுகைக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளும் கெட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் அரசு வந்தது. ஆனால் அதோடு கூட ஒரு நல்ல பழக்கமும் வந்தது. தோண்டும் ஒவ்வொரு கிணற்றுக்கும் கோப்பு. எங்கே, எத்தனை அடி, எந்த அளவுக் குழாய், எப்போது பழுது பார்த்தது, எப்போது மூடியது என்று எல்லாவற்றையும் எழுதி அரசிடம் கொடுக்க வேண்டும். கம்பெனி கைமாறும், திவாலாகும், பெயர் மாறும். துளை அங்கேயே இருக்கும். அந்தத் துளையைப் பற்றி ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அரசின் வேலைகளில் இதுதான் முதன்மையானது என்று இப்போது நம்புகிறேன்.

சிக்னல் ஹில் மேட்டிலிருந்து தெரியும் துறைமுகத்துக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு அடியில் இருக்கும் வில்மிங்டன் எண்ணெய்ப் படுகையிலிருந்து இஷ்டத்துக்கு எடுத்ததில் 1940-களிலிருந்து அங்கே தரை தாழ ஆரம்பித்தது. ஓர் அடி, இரண்டடி அல்ல. மிக மோசமான இடத்தில் 29 அடி. மூன்று மாடி உயரம் கீழே போய்விட்டது. கடல் உள்ளே வராமல் மதில் எழுப்பினார்கள், பாலங்களைத் தூக்கி நிறுத்தினார்கள், மண்ணுக்கடியில் கிணற்றுக் குழாய்கள் நெளிந்து அறுந்தன. 1958-இல் மாநிலம் சட்டம் போட்டது. அதன் பிறகு எண்ணெய் எடுத்த இடத்தில் கடல்நீரை அழுத்தி நிரப்பினார்கள். சில வருடங்களில் தரை தாழ்வது நின்றது. கட்டுப்பாடு என்றால் தொழில் செத்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். தண்ணீர் செலுத்தியதால் எண்ணெயும் கூடுதலாகக் கிடைத்தது.

இப்போது அலிசோ கேனியன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

லாஸ் ஏஞ்சலஸின் வடமேற்கு ஓரத்தில், சாந்தா சுசானா மலைகளில், 1938-இல் கண்டுபிடித்த எண்ணெய்ப் படுகை ஒன்று இருக்கிறது. எண்ணெய் வற்றியதும் 1970-களில் அதை எரிவாயுக் கிடங்காக மாற்றினார்கள். நம் ஊரில் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல, கோடையில் குழாய்வழி வரும் வாயுவை மலைக்கு அடியில் இருக்கும் பாறைக்குள் அழுத்தி வைத்து, குளிர்காலத்தில் எடுப்பது. 8,600 கோடி கனஅடி கொள்ளளவு. உள்ளே செலுத்துவதும் வெளியே எடுப்பதும் நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகள் வழியாக. அவற்றில் பல, எண்ணெய் எடுத்த காலத்துக் கிணறுகள். மலையடிவாரத்தில் போர்ட்டர் ராஞ்ச் என்ற குடியிருப்பு. அழகான வீடுகள், நல்ல பள்ளிகள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. என் தோழி ஒருத்தி அங்கே இருந்தாள்.

எஸ்எஸ்-25 என்பது அந்தக் கிணறுகளில் ஒன்று. 1953-இல் எண்ணெய்க்காகத் தோண்டத் தொடங்கியது. ஆழம் 8,700 அடிக்குக் கொஞ்சம் மேல். 1973-இல் வாயுக் கிணறாக மாற்றினார்கள். அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. மேலே ஏதாவது ஆனால் கீழேயே அடைத்துக்கொள்ள அது உதவும். 1979-இல் அதைக் கழற்றினார்கள். திரும்ப வைக்கவில்லை. அப்போதிருந்த விதிப்படி அந்தக் கிணற்றுக்கு அது கட்டாயமும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு தடுப்பு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? இங்கே வாயுவை உள்குழாய் வழியாக மட்டும் அனுப்பவில்லை. உள்குழாய்க்கும் கேசிங்குக்கும் இடையில் இருக்கும் சந்து வழியாகவும் அனுப்பினார்கள். நிறைய வாயு, சீக்கிரம் போகும். அதனால் 7 அங்குலக் கேசிங் ஒன்றுதான் மலைக்கும் வாயுவுக்கும் நடுவில் மிச்சம் இருந்த சுவர். அறுபது வருடப் பழைய சுவர்.

2015 அக்டோபர் 23 அன்று அந்தச் சுவர் விட்டது. சுமார் 892 அடி ஆழத்தில் குழாய் நெடுக்காகக் கிழிந்து, பிறகு குறுக்காக அறுந்துபோனது. மலைச்சரிவில் மண்ணைப் பிளந்துகொண்டு வாயு வெளியே வந்தது. அடைக்க முயன்றார்கள். கனமான சேற்றுக்கரைசலை மேலிருந்து இறைத்தார்கள், உப்பு நீரை இறைத்தார்கள். ஏழு முறை. உள்ளே இறைத்தது எல்லாம் வாயுவோடு சேர்ந்து வெளியே தூக்கி எறியப்பட்டது. கிணற்றைச் சுற்றிப் பள்ளம் விழுந்தது, கிணற்றுத் தலையே ஆடியது. கடைசியில், தள்ளி இன்னொரு கிணறு தோண்டி, 8,000 அடிக்கும் கீழே 7 அங்குலக் குழாயைக் குறிபார்த்துத் தொட்டு, அங்கிருந்து சேற்றைச் செலுத்தித்தான் அடக்க முடிந்தது. 2016 பிப்ரவரி 11 அன்று வாயு நின்றது. 18 அன்று நிரந்தரமாக அடைத்தாயிற்று என்று மாநிலம் அறிவித்தது. கிட்டத்தட்ட நான்கு மாதம். வெளியான மீத்தேன் ஏறத்தாழ ஒரு லட்சம் டன். அமெரிக்காவில் பதிவான வாயுக் கசிவுகளிலேயே ஆகப் பெரியது அது.

8,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறி ஓட்டல்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தார்கள். இரண்டு பள்ளிகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். தலைவலி, குமட்டல், மூக்கிலிருந்து ரத்தம். தோழி சொன்னது ஞாபகம் இருக்கிறது: "துவைச்சு காயப்போட்ட துணியைக்கூட உள்ள எடுக்கப் பிடிக்கல. பையன் தினமும் அம்மா தலை வலிக்குதுன்னுதான் எழுந்திருப்பான்." 2016 ஜனவரி 6 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவசரநிலை அறிவித்தார். கசிவு தொடங்கி பத்து வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த படம் வெளியாகி, கண்ணுக்குத் தெரியாத வாயு கரும்புகையாக மலையிலிருந்து எழுவதை உலகம் பார்த்தது.

மீத்தேனுக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. பிறகு போர்ட்டர் ராஞ்ச் மக்களுக்கு எப்படித் தெரிந்தது? நாற்றம் வந்தது. வீட்டு அடுப்புக்கு வரும் வாயுவில் கலக்கும் அழுகல் நாற்ற ரசாயனம். கிடங்குக்குள் செலுத்திய வாயுவில் அது ஏற்கெனவே கலந்திருந்தது. அந்த நாற்றத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் என்ற எண்ணெய் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் சேர்ந்திருந்த வாயு வெடித்தது. வாசனையில்லாத வாயு. கசிந்துகொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது, மற்ற இடங்களும் பின்பற்றின. 2015-இல் தோழியின் மகன் அந்த நாற்றத்தில் தலைவலியோடு எழுந்தானே, அந்த எச்சரிக்கையை அவனுக்கு விட்டுப்போனவர்கள் அந்தப் பிள்ளைகள். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குழாய் ஏன் அறுந்தது என்று கண்டறிய மாநிலம் தனியான நிபுணர் நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பைக் கொடுத்தது. அறுந்த குழாயை ஆழத்திலிருந்து வெளியே எடுத்து ஆராய்ந்தார்கள். 2019 மே மாதம் அறிக்கை வந்தது. குழாயின் வெளிப்பக்கம் நிலத்தடி நீர் பட்டு, நுண்ணுயிர்கள் அரித்து, சுவர் மெலிந்து போயிருந்தது. இது ஒரே நாளில் நடந்ததல்ல. என்னை உலுக்கியது அதற்கடுத்த தகவல்தான். அந்தக் கிடங்கின் கிணறுகளில் 1970-களிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கேசிங் கசிவுகள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் பழுது பார்த்தார்கள். ஏன் கசிந்தது என்று யாரும் ஆழமாகத் தேடவில்லை. எழுதி வைத்தார்கள், ஆனால் எழுதியதை எடுத்துப் படிக்கவில்லை. குழாய்ச் சுவர் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லும் விதியும் அன்று இல்லை.

கசிவை உடனே தெரிவிக்கத் தவறியதற்காக, அந்தக் கிடங்கை நடத்தும் சோகால்கேஸ் நிறுவனம் 2016-இல் நீதிமன்றத்தில் ஒரு குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. 2021-இல் முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் தொடுத்த வழக்குகளில் 180 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது.

விதிகள் மாறின. 2016-இல் மாநிலச் சட்டம், அதே வருடம் நாடு முழுவதற்கும் நிலத்தடி வாயுக் கிடங்குகளுக்குக் குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று மத்தியச் சட்டம். அதுவரை அப்படியொரு தேசிய விதியே இருக்கவில்லை. 2018 அக்டோபரில் கலிபோர்னியாவின் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சாரம் அம்மாவுக்கே புரியும். வாயு உள்குழாய் வழியாக மட்டும் போக வேண்டும். ஒரு குழாய் விட்டால் மொத்தமும் வெளியே வரும் நிலை எந்தக் கிணற்றிலும் இருக்கக்கூடாது. குழாய்ச் சுவரை அளந்து பார்க்க வேண்டும், அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அழுத்தத்தை ஓயாமல் கண்காணிக்க வேண்டும். இரண்டு தடுப்பு என்ற பழைய பாடத்தை 2018-இல் விதியாக எழுத, ஒரு லட்சம் டன் வாயு வெளியே போக வேண்டியிருந்தது. எனக்கு இதில் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கோபத்தை ஒரு கம்பெனி மேல் மட்டும் கொட்டினால் விஷயம் பிடிபடாது. கிணறுகளைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்தின், அதாவது 1915-இல் வந்த அந்த மேற்பார்வையாளர் அலுவலகத்தின், கையையும் கட்டிப் போட்டிருந்தார்கள். எண்ணெய் உற்பத்தியை ஊக்குவிப்பதும் அதன் கடமை, மக்களைக் காப்பதும் அதன் கடமை. ஒரே ஆளை வாகனம் ஓட்டவும் வைத்து, வேகத்துக்கு அபராதம் போடவும் வைத்தால் எப்படி? 2011-இல் அந்த அலுவலகத்தின் மேற்பார்வையாளர், நிலத்துக்குள் நீரும் நீராவியும் செலுத்தும் கிணறுகளுக்கு அனுமதி கொடுப்பதில் கறாராக இருந்தார். அனுமதி தாமதமாகிறது என்று தொழில்துறை முறையிட்டது. அந்த வருடம் நவம்பரில் ஆளுநர் அவரையும் அவருக்கு மேலிருந்த துறைத் தலைவரையும் பதவி நீக்கினார். அதே வருடம் ஜூனில்தான் கெர்ன் மாவட்ட எண்ணெய் வயல் ஒன்றில் நீராவியால் நெகிழ்ந்துபோன தரை திடீரென உள்வாங்கி, ஒரு தொழிலாளி அந்தக் கொதிக்கும் குழிக்குள் விழுந்து இறந்திருந்தார். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 ஜனவரியிலிருந்து அந்த அலுவலகத்தின் பெயர் கால்ஜெம். பெயரோடு கடமையும் மாறியது. பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும் அதன் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1915-இல் எண்ணெயைக் காக்கப் பிறந்த அலுவலகம் மனிதர்களைக் காக்கும் அலுவலகமாக மாற நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 2022-இல் இன்னொரு சட்டம். வீடு, பள்ளி, மருத்துவமனை இவற்றிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு கூடாது. தொழில்துறை அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்து நிறுத்தி வைத்தது, பிறகு 2024 ஜூனில் அதுவே பின்வாங்கியதும் சட்டம் உயிர்பெற்றது.

புவிவெப்பக் கிணறுகளும் இதே அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. எண்ணெயில்லை, புகையில்லை, சுத்தமான மின்சாரம் என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. ஹவாயின் பூனா பகுதியில் 1991 ஜூனில் தோண்டிக்கொண்டிருந்த புவிவெப்பக் கிணறு ஒன்று கட்டுமீறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் நச்சு வாயுவோடு நீராவி பீறிட்டு, அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. துளை துளைதான். அழுத்தத்துக்கு நல்ல நோக்கம், கெட்ட நோக்கம் தெரியாது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் போய்விட்டால்?

ஒரு கிணற்றை ஒழுங்காக மூடுவது பாழுங்கிணற்றில் மண்ணைக் கொட்டுவது போன்ற வேலையல்ல. எண்ணெய்ப் படுகைக்கு எதிரே சிமென்ட் அடைப்பு, நல்ல நீர் தொடங்கும் இடத்தில் அடைப்பு, தரைமட்டத்தில் அடைப்பு. கடைசியில் கேசிங்கைத் தரைக்கு ஐந்தடிக்குக் கீழே வெட்டி, அதன் வாயில் ஓர் எஃகுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். தகட்டின் மேல் கிணற்றின் எண்ணைப் பற்றவைத்தே எழுதுவார்கள். அப்புறம் மண் போட்டு மூடுவார்கள். மேலே கார் நிறுத்துமிடம் வரும், புல்தரை வரும், கடை வரும். கீழே இருட்டில் அந்த எண் இருந்துகொண்டே இருக்கும். ஐம்பது வருடம் கழித்து யாராவது தோண்டினால், யாருடைய கிணறு, எந்தக் கோப்பு என்று தெரிய வேண்டுமே. அந்தத் தகட்டை நினைத்தால் எனக்கு நடுகல் நினைவுக்கு வருகிறது.

இதற்குப் பணம் வேண்டும். தோண்டும்போதே கம்பெனிகளிடம் பிணைத்தொகை வாங்குகிறார்கள். ஆனால் எவ்வளவு? கலிபோர்னியாவின் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2018-இல் கணக்குப் போட்டது. மாநிலத்தில் ஓடுவதும் சும்மா கிடப்பதுமாக இருந்த சுமார் 1,07,000 கிணறுகளையும் மூட 900 கோடி டாலருக்கு மேல் ஆகும். கையிலிருந்த பிணைத்தொகை சுமார் 11 கோடி. அந்தக் கிணறுகளில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே அனாதையாகிவிட்டவை, அல்லது ஆகப்போகிறவை. அனாதைக் கிணறு என்றே இங்கே சொல்கிறார்கள். வற்றிப்போன கிணற்றைப் பெரிய கம்பெனி சின்னக் கம்பெனிக்கு விற்கும், அது இன்னும் சின்னதுக்கு விற்கும், கடைசி ஆள் திவால் மனு கொடுப்பார். 2021-இல் மத்திய அரசு நாடு முழுக்க அனாதைக் கிணறுகளை மூட 470 கோடி டாலர் ஒதுக்கியது. 2023-இல் கலிபோர்னியா, கிணற்றைக் கைமாற்றும்போதே மூடும் செலவு முழுவதற்கும் பிணை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இதுவரை நான் படித்த சட்டங்களிலேயே அம்மாவின் கேள்விக்கு மிக நேரான பதில் அதுதான்.

மூடியதும் மறந்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 1985 மார்ச் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு அடியில் சேர்ந்த மீத்தேன் வெடித்து 23 பேர் காயமடைந்தார்கள். நடைபாதை விரிசல்களிலெல்லாம் நெருப்பு எரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, இங்கே பல காலத்துக்கு முன் எண்ணெய் எடுத்த படுகையின் மேல் நகரம் எழும்பிய பிறகு பூதம் கிளம்பியது. வாயு பழைய கிணறுகள் வழியாக வந்ததா, இயற்கையாகச் சேர்ந்ததா என்று நிபுணர்கள் வெகுநாள் வாதிட்டார்கள். நகராட்சி வாதம் முடியக் காத்திருக்கவில்லை. மீத்தேன் பகுதி என்று வரைபடத்தில் குறித்து, அங்கே கட்டும் கட்டடங்களுக்கு வாயு வெளியேறும் குழாய்களும் எச்சரிக்கைக் கருவிகளும் வேண்டும் என்று விதி வைத்தது.

கால்ஜெம்மின் இணைய வரைபடத்தில் எங்கள் தெருவை ஒரு நாள் தேடினேன். திரை நிறையப் புள்ளிகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்து "இது உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்டார். ஓடுவது, சும்மா கிடப்பது, மூடியது. நான் காய்கறி வாங்கும் கடையின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மட்டும் மூன்று.

அம்மா ஊருக்குத் திரும்பிய மாதம், நடைபாதையில் அந்த ஏற்றம் இருக்கும் வேலியருகே ஒரு வாடை அடித்தது. கிணற்றிலிருந்து வரும் பச்சை வாயுவில் நாற்ற ரசாயனம் ஏதும் கலப்பதில்லை. இது கீலும் அழுகிய முட்டையும் கலந்த இயல்பான வாடை. மறுநாளும் அடித்தது. வேலியில் தொங்கும் பலகையில் கிணற்றின் பெயரும் எண்ணும், அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. அழைத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக்குரல். வெயிலில் பலகையின் எழுத்தே பாதி வெளுத்திருந்தது. கிணறு கைமாறியிருந்தது, பலகை மாறவில்லை.

மாநில அலுவலகத்துக்கு அழைத்துக் கிணற்றின் எண்ணைச் சொன்னேன். தொலைபேசியில் இருந்தவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. எண்ணைத் தட்டினார், இப்போது யார் பொறுப்பு என்பது அவர் திரையில் வந்துவிட்டது. இரண்டு நாளில் ஓர் ஆய்வாளர் வந்தார். தலைக்கவசம், கையில் செங்கல் அளவுக்கு ஒரு கருவி. கிணற்றுத் தலையைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பிலும் அதன் மூக்கை வைத்து நிதானமாக நகர்த்தினார். பம்புத் தண்டு உள்ளே போய்வரும் இடத்தில், எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும் அடைப்புக்குப் பக்கத்தில் கருவி கத்தியது. தேய்ந்துபோன அடைப்பு. அவர் சொன்னது: "சின்னது. ஆனால் சின்னதாக இருக்கும்போது சொன்னீர்கள், அதுதான் நல்லது." பலகையையும் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அடைப்பை மாற்றியிருந்தார்கள். வாடை போய்விட்டது. வேலியில் புதுப் பலகை, கறுப்பு எழுத்து பளிச்சென்று. படம் பிடித்து அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"நம்பர் போட்டிருக்கானே, போட்டுப் பாத்தியா?"

இல்லை என்றேன். போட்டுப் பார் என்றார். வேலியருகே நின்றபடியே போட்டேன். மூன்றாவது மணியில் ஒருவர் எடுத்து, கிணற்று எண் என்ன என்று கேட்டார்.